பனிப்பட்டத்துக்கு எந்த வயல்? ஒன்ராறியோக் குறிப்புகள்

2024 ஒக்டோபர் 12 (வாசகர் கேள்வி)

“மார்க்கம் நகரிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாரியில் சிம்கோ ஏரியின் பனிக்கட்டியில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து, காற்றில் இழுக்கும் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளில் ஓடும் ஸ்னோகைட்டிங்கைப் பழகினேன். இப்போது சொந்தமாகவே ஒரு பட்டம் வாங்கிவிட்டேன். ஏரி எப்போது உறையும், எங்கே வெடிக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லை. நிலத்தில் மூழ்க முடியாது அல்லவா? நகரத்தை விட்டு வடக்கே போனால் இருபுறமும் வயல்கள்தான். பனி விழுந்தபின் மரமில்லாத பெரிய வயலாக ஒன்றைப் பார்த்து இறங்கினால் போதும் என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.”

2024 ஒக்டோபர் 13

பிழை “பனி விழுந்தபின்” என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. பனி விழுந்தபின் எல்லா வயல்களும் ஒரே வயலாகத்தான் தெரியும். உழவுசால், வடிகால், கற்குவியல், அறுந்து கிடக்கும் முட்கம்பி, மாடுகளுக்காக வெட்டிய குளம் ஆகிய எல்லாவற்றையும் அது ஒரே மட்டமாக மூடிவிடுகிறது. ஏரியிலாவது பனிக்கட்டிக்குக் கீழே இருப்பது தண்ணீர் என்று தெரியும். வயலில் அந்தளவு நிச்சயமும் கிடையாது. ஏழு மாரிகளாக இந்த ஸ்னோகைட்டிங்கில் இருக்கிறேன்; இதுவரை நான்கு வயல்களைக் கைவிட்டிருக்கிறேன்; அந்த நான்கிலும் என்னை விரட்டிய காரணம் பனிக்கு மேலே தெரியவில்லை. ஆகவே வயலைத் தெரிவு செய்யும் காலம் இதுதான்: அறுவடை முடிந்து, நிலம் இறுகாமல், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள்.

“பெரிய வயல்” என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓடப்போகும் இடத்தின் பரப்பை நீங்கள் பார்க்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது, எல்லாம் கைமீறிப் போனால் காற்று என்னை எந்தப் பக்கம் இழுத்துச் செல்லுமோ அந்த ஓரத்தை. அங்கே வேலியா, வீதியா, மரமா, மின்கம்பியா என்று பார்த்தபிறகுதான் மற்றவை. அந்த ஓரம் சரியில்லை என்றால் வயலுக்குள் நான் காலடி வைப்பதில்லை.

கணக்காகச் சொன்னால் விளங்கும். இந்த மாகாணத்தின் பழைய நில அளவையில் 100 ஏக்கர் காணி என்பது பல இடங்களில் ஏறத்தாழ 400 மீற்றர் அகலமும் 1,000 மீற்றர் நீளமும் கொண்ட நீள்சதுரம். காற்று வரும் பக்கத்தில் 20 மீற்றர் உயரத்தில் ஒரு மேப்பிள் வரிசை நிற்கிறது என்று வையுங்கள். மரத்தின் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரம் வரை காற்று சுழித்துக்கொண்டிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே 200 மீற்றர் கழிந்தது. காற்றுப் போகும் பக்கத்தில் வேலிக்கு முன்னால் 100 மீற்றர் வெறுமையாக விடுகிறேன். காற்று அகலவாக்கில் அடித்தால் மிச்சம் வெறும் 100 மீற்றர்; இரண்டு முறை திரும்புவதற்குள் முடிந்துவிடும். அதே வயலில் காற்று நீளவாக்கில் அடித்தால் 700 மீற்றர் மிஞ்சும். ஒரே காணி வடமேல் காற்றுக்கு அருமையான வயலாகவும் தென்மேல் காற்றுக்கு ஒன்றுக்கும் உதவாத வயலாகவும் இருப்பது இப்படித்தான். இரண்டு காற்றுக்கு இரண்டு வயல்கள் கைவசம் இல்லாதவர் பாதி நாட்கள் வீட்டில் இருக்கப் பழக வேண்டும், அல்லது பிழையான வயலில் இறங்கும் ஆசையை அடக்கப் பழக வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் கடினமாக இருந்தது.

2024 ஒக்டோபர் 13, இரவு

மின்கம்பியைப் பற்றி ஒரு சொல்லில் கடந்துவிட்டேன்; அது போதாது. கிராம வீதியோரக் கம்பங்கள் பெரும்பாலும் 10 முதல் 12 மீற்றர் உயரம். உங்கள் பட்டத்தின் நூல் 20 முதல் 25 மீற்றர். கம்பி உங்களுக்கு மேலே எங்கோ இருப்பதாகத் தோன்றினாலும், பட்டத்துக்கு அது நடுவழியில் நிற்கும் ஒரு வேலி. காற்றுப் போகும் ஓரத்தில் மின்கம்பி இருந்தால், வயல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் எடுப்பதில்லை.

வீதியோரக் கம்பிகூடக் கண்ணில் படும். மோசமானது, வீதியிலிருந்து களஞ்சியத்துக்கோ பம்புக்கோ வயலின் குறுக்காகப் போகும் ஒற்றைக் கிளைக்கம்பி. செய்மதிப் படத்தில் கம்பி தெரியாது. ஆனால் கம்பத்தின் நிழல் ஒரு மெல்லிய கோடாகப் பயிரின்மேல் விழுந்திருக்கும். அந்த நிழல்களைத் தேடிப் பாருங்கள். பட்டம் எப்போதாவது கம்பியில் சிக்கினால், பட்டத்தை உங்களோடு இணைக்கும் இடுப்புப் பட்டையிலிருந்து முழுவதுமாகக் கழற்றி விட்டுவிட்டு விலகி நின்று மின் நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பட்டத்தின் விலை அந்த நேரத்தில் நினைவுக்கு வரக் கூடாது.

2024 ஒக்டோபர் 20

இன்று ஷெல்பேர்ன் பக்கம் ஒரு காணியை இரண்டரை மணி நேரம் நடந்து பார்த்தேன். பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வயலின் தெற்கு மூலையில் நிலம் தாழ்ந்து, புல் மட்டும் வேறு நிறமாக நின்றது. நடந்துபோனால் முழங்கால் ஆழத்தில் ஒரு வடிகால்; அதன் கரையில் நிலத்தடிக் குழாய் ஒன்றின் வாய். மாரியிலும் அதில் நீர் ஓடலாம், அப்போது மேலே பனிப் பாலம் மட்டுமே இருக்கும். மாகாண வேளாண் அமைச்சின் இணைய நிலப்படத்தில் வடிகால்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நான் கண்ட எல்லாமே அதில் இல்லை. வயலின் நடுவில் ஒற்றை எல்ம் மரத்தடி, அதைச் சுற்றித் தலைமுறைகளாகப் பொறுக்கி எறிந்த கற்கள். கிழக்கு ஓரத்தில் பழைய முட்கம்பி வேலி; மூன்று இழைகளில் ஒன்று அறுந்து புல்லுக்குள் வயலின் உள்பக்கமாக ஆறு, ஏழு மீற்றர் சுருண்டு கிடந்தது. பக்கத்துக் காணியில் இரண்டு குதிரைகள். பட்டத்தைக் கண்டு மிரளும் குதிரை வேலியில் போய் மோதும். ஆகவே அந்த ஓரத்திலிருந்தும் விலக வேண்டும்.

பயிரைப் பற்றி: சோளம் அறுத்த வயலைத் தவிருங்கள். இங்கே சோளத்தின் அரிதாள் ஒரு சாண் முதல் முழங்கால் வரை உயரத்தில், சாய்வாக வெட்டப்பட்டு, ஈட்டி நட்டதுபோல் நிற்கும். 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தாலும் நுனிகள் மறையாது. விழுந்தால் உங்களைக் குத்தும். நீங்கள் விழாவிட்டாலும் இறங்கும் பட்டத்தின் துணியைக் கிழிக்கும், நூலைச் சிக்கவைக்கும். சோயா அவரை நிலத்தை ஒட்டியே அறுக்கப்படுவதால் அதன் வயல் ஏறத்தாழ மொட்டை. ஆழ உழுதுவிட்ட வயல் வேண்டாம்; உறைந்த உழவுசாலில் ஸ்கீ குறுக்காக ஓடினால் முழங்கால்தான் பதில் சொல்லும். ஆகவே என் தெரிவு எப்போதும் சோயா வயல்.

2024 ஒக்டோபர் 27

மேலே “எப்போதும் சோயா வயல்” என்று எழுதியதைத் திருத்துகிறேன். நேற்று அந்தக் காணியின் சொந்தக்காரரிடம் போனேன். எழுபது வயதிருக்கும். களஞ்சிய வாசலில் நின்று, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நீங்கள் காட்டும் வயலில் பயிர் நிற்கிறதே” என்றார். நான் மொட்டை நிலம் என்று நினைத்த சோயா வயலில் இரண்டு வாரத்துக்கு முன்பே குளிர்காலக் கோதுமை விதைத்திருக்கிறார். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் பச்சை வரிசைகள். வீதியில் காரிலிருந்து பார்த்தால் மண் நிறம்தான். இங்கே சோயா அறுத்த கையோடு கோதுமை விதைப்பது வழமை. அதன்மேல் மீண்டும் மீண்டும் ஓடிப் பனியை இறுக்கினால் அடியில் கட்டியாகி, பயிர் மூச்சடைத்து அழுகும் என்றார். யாழ்ப்பாணத்தில் கமக்காரர் வீட்டில் பிறந்த நான் விதைத்த வயலைத் தரிசு என்று நினைத்தது எனக்கு வெட்கமாக இருந்தது. என் அம்மம்மா கேட்டிருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பார்.

பிறகு அவரே வீதிக்கு மேற்கேயுள்ள இன்னொரு காணியைக் காட்டினார்; அங்கே சோயா பிந்தி அறுக்கப்பட்டதால் கோதுமை விதைக்கவில்லை. விதைப்பை ஒன்றின் பின்புறத்தில் தச்சர் பென்சிலால் அந்தக் காணியை வரைந்து, நான் கேட்காமலேயே மூன்று இடங்களில் பெருக்கல் குறி போட்டார்: ஊற்று உள்ள ஈர மூலை, கற்குவியல், அவருடைய தகப்பனார் காலத்தில் மூடிய கிணறு. இந்த மூன்றாவதை எந்தச் செய்மதிப் படமும் எனக்குச் சொல்லியிருக்காது. அந்தப் பையின் துண்டு இப்போது என் கார்க் கண்ணாடியின் அடியில் இருக்கிறது.

அனுமதி கேட்பது மரியாதை மட்டுமல்ல. ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டப்படி, பயிர்ச்செய்கையில் உள்ள நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைவது, அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாவிட்டாலும் தடை. தண்டம் 10,000 டொலர் வரை போகலாம். “பலகை இல்லையே” என்று சொல்லித் தப்ப முடியாது.

2024 நவம்பர் 3

அனுமதி தந்தவருக்குப் பணம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் 100 டொலரை உறையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். நல்லவேளையாக அவர் வாங்கவில்லை. நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் நில உடைமையாளர் பொறுப்புச் சட்டத்தை வாசித்துப் பார்த்தேன். விவசாய நிலத்தில் ஒருவர் பொழுதுபோக்குக்காக, கட்டணம் எதுவும் செலுத்தாமல் நுழைந்தால், ஆபத்தை அவரே மனமொப்பி ஏற்றதாகக் கருதப்படும். வேண்டுமென்றே ஆபத்தை உண்டாக்காமலும், அவர் அங்கே இருப்பதைப் பொருட்படுத்தாத அசட்டையோடு நடக்காமலும் இருப்பதே உரிமையாளரின் கடமை. கட்டணம் வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதாவது நன்றி என்று நினைத்து நான் நீட்டிய உறை அவருடைய தலையில் ஒரு பொறுப்பை ஏற்றியிருக்கும். இதை உங்கள் காணிக்காரரிடம் சொல்லுங்கள். பல கமக்காரர் “முடியாது” என்று சொல்வதற்குக் காரணம் வழக்குப் பயம்தான்.

2024 டிசம்பர் 8

முதற்பனி வந்துவிட்டது. “இன்று போகலாமா” என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நான் போகவில்லை. மொட்டையான சோயா வயலில்கூட 15 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, இறுகாத பனியில் ஸ்கீயின் விளிம்பு மண்ணைப் பிடிக்கும். பட்டம் இழுக்க, கால் நிற்க, ஆள் முகங்குப்புற விழுவார்.

ஆழத்தைவிட எனக்குப் பயம் ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் பனிச்சூறை. உறையாத நீரின்மேல் குளிர்ந்த வடமேல் காற்று ஓடிவரும் இந்த வாரங்களில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வடமேற்கில் ஒரு சாம்பல் சுவர் எழும்பும்; பத்து நிமிடத்தில் எதிரே நிற்பவர் தெரியமாட்டார். அதன் முன்விளிம்பில் காற்று திடீரென்று உரக்கும். ஆகவே வடமேற்குத் தொடுவானம் திறந்து தெரியும் வயலாக இருப்பது நல்லது. அந்தப் பக்கம் காட்டை வைத்துக்கொண்டிருந்தால் சூறை தலைக்குமேல் வந்தபின்தான் தெரியும். இதை ஒக்டோபரில் எழுதியிருக்க வேண்டும்.

எண்களில் சொன்னால்: இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று 28 ஆனால், உணரும் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பு. அதோடு, குளிர்ந்த காற்று கனமானது. 20 பாகைச் சூட்டில் அடிக்கும் காற்றைவிட, அதே வேகத்தில் மறை 15 பாகையில் அடிக்கும் காற்று ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல் அடர்த்தி கொண்டது. கோடையில் கடற்கரையில் பழகிய கணக்கை அப்படியே மாரிக்குக் கொண்டுவர வேண்டாம். வானிலை அறிக்கையில் திடீர்க் காற்று வீச்சின் வேகம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நான் பட்டத்தைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

2024 டிசம்பர் 29

மழை பெய்து மீண்டும் உறைந்திருக்கிறது. காணியைப் போய்ப் பார்த்தேன், முழுதும் கண்ணாடி. இந்த நிலையில் அதே வயல் வேறு வயல்: விளிம்பு பிடிக்காது, விழுந்தால் நிற்க முடியாது, பட்டத்தை விடுவித்த பிறகும் ஆள் வழுக்கிக்கொண்டே போவார். வேலிக்கு முன்னால் விடுவதாக நான் சொன்ன 100 மீற்றர் போதாது. திரும்பி வந்துவிட்டேன்.

2025 ஜனவரி 11

10 மடங்குக் கணக்கை இன்று சோதித்தேன், அது தோற்றது.

காணியின் காற்று வரும் ஓரத்தில் ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்தில் ஸ்புரூஸ் காற்றுத்தடுப்பு வரிசை ஒன்று உண்டு. ஸ்கீத் தடியின் நுனியில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, கையில் காற்றுமானியோடு, மரத்திலிருந்து நேராக நடந்தேன். 150 மீற்றரில், அதாவது கணக்குப்படி சுழிப்பு முடியவேண்டிய இடத்தில், மானி 9க்கும் 26க்கும் இடையே தாவியது. கம்பளி நூல் இரண்டு முறை எனக்கு நேர் எதிராகத் திரும்பி என் முகத்தில் அடித்தது. 300 மீற்றரில் 17க்கும் 24க்கும் இடையே அடங்கியது. அது 20 மடங்கு. அடர்ந்த ஸ்புரூஸ் வரிசை சுவர்போல் நின்று காற்றைக் கவிழ்க்கிறது. இலையுதிர்த்த மேப்பிள் வரிசை காற்றைச் சல்லடைபோல் விடுவதால் சுழிப்பு குறைவு. எனவே ஒக்டோபர் 13 கணக்கைத் திருத்தி வாசியுங்கள். உயர்ந்த, அடர்ந்த மரமோ களஞ்சியமோ காற்று வரும் பக்கத்தில் இருந்தால் 20 மடங்கு கழியுங்கள். அந்த 20 மீற்றர் வரிசை ஸ்புரூஸாக இருந்தால் 400 மீற்றர் கழியும். அகலவாக்கில் அந்தக் காணியின் பெறுமதி பூச்சியம்.

மானி இல்லாதவர்கள் பனியைப் பாருங்கள். மரத்துக்குப் பின்னால் பனி குவிந்து மென்மையாகக் கிடக்கும் தூரம் வரை காற்று சோர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கப்பால் பனியின் முகத்தில் ஒரே திசையில் அலை வரிகள் தொடங்கும். அங்கேதான் காற்று ஒழுங்காக ஓடுகிறது.

2025 ஜனவரி 14

இன்று பொங்கல். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும் நாள். நான் பட்டம் ஏற்றியது வல்லை வெளிக்குக் கிட்ட. அங்கே எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு, மரமில்லாத வெளியில் காற்று எப்படி ஒரே கனமாக வரும் என்று விளக்கத் தேவையில்லை. ஊருக்குள் வளவுக்குள்ளே ஏற்றினால் பட்டம் தலையை ஆட்டி ஆட்டிக் குத்தும். வெளிக்குக் கொண்டுபோனால் அதே பட்டம் விண் (பட்டத்தில் கட்டும் ஒலிநார்) கூவிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். 20 மடங்குக் கணக்கை நான் பத்து வயதில் தெரிந்துதான் வைத்திருந்தேன், எண் மட்டும் தெரியாது. அறுந்த பட்டமெல்லாம் எந்தப் பனையில் போய் மாட்டும் என்பதும் தெரியும். அங்கே பட்டம் மட்டும்தான் மாட்டியது.

2025 ஜனவரி 26

“100 மீற்றர் ஏன்? 50 போதாதா?” என்று கேட்டவருக்கு.

2022 ஜனவரியில், அப்போது நான் ஓடிய வேறொரு வயலில், காற்றுப் போகும் பக்கத்தில் 40 மீற்றர் விட்டிருந்தேன். அந்த ஓரத்தில் கம்பங்களின் தலைகள் மட்டும் பனிக்கு மேலே ஒரு சாண் தெரிந்தன. வேலி புதைந்துவிட்டது, ஆகவே வேலி இல்லை என்று எண்ணினேன். முன்னறிவிப்பில் 18 கிலோமீற்றர். 10 சதுர மீற்றர்ப் பட்டம். ஒரு வீச்சு வந்து என்னை விழுத்தி இழுத்தது. பட்டத்தைக் கழற்றிவிடும் விடுவிப்புப் பிடியை மார்புக்கு முன்னால் தேடினேன். தடித்த கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்ததால், கையில் அகப்பட்டது பிடியா பட்டையின் கொக்கியா என்று தெரியவில்லை. அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதே வேலி வந்துவிட்டது. கம்பங்களுக்கு இடையே பனி தாழ்ந்து, மேல் முட்கம்பி தொடை உயரத்தில் வெளியே நின்றது. பதினொரு தையல்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீற்றரில் இழுபடும் ஒருவருக்கு 40 மீற்றர் என்பது நான்கு விநாடிக்கும் குறைவு. 100 மீற்றர் என்றால் ஒன்பது விநாடி. ஒன்பது விநாடியில் கையுறையைப் பல்லால் கழற்றிப் பிடியைத் தள்ளலாம். வீட்டு முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை செய்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதற்தரம் பதினான்கு விநாடி ஆனது. ஆகவே நீங்கள் விடவேண்டிய தூரம் என் 100 மீற்றர் அல்ல. உங்கள் கை எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதைப் பொறுத்தது.

இன்னொன்றும் அன்றுதான் பழகினேன். அவசர உதவியை அழைத்தபோது நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. கிராமப்புற வீடுகளின் ஒழுங்கை வாசலில் ஒளிரும் சிறு எண் பலகை உண்டு. வண்டியை நிறுத்தும்போதே அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

2025 பெப்ரவரி 2

மெலங்தன் காற்றாலைகளைச் சுற்றியுள்ள வயல்களை ஒருவர் பரிந்துரைக்கிறார்: “133 காற்றாலைகளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் காற்று நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?” காற்று நல்லதுதான், மேட்டுநிலம், மரமும் குறைவு. ஆனால் 80 மீற்றர்க் கோபுரத்தில் சுழலும் அலகுகளின் பின்னால் கலங்கிய காற்று பல நூறு மீற்றருக்கு நீளும். குளிர்காலத்தில் அலகில் படிந்த பனிக்கட்டி உடைந்து எறியப்படுவதும் உண்டு. காற்றாலைக்குக் காற்றுப் போகும் பக்கம் நிற்காதீர்கள். அவற்றை நான் வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறேன்: காரில் வரும்போதே அவை எந்தத் திசையை நோக்கி நிற்கின்றன என்று பார்த்தால், இரண்டு வயல்களில் எதற்குப் போவது என்று தீர்மானிக்கலாம்.

2025 பெப்ரவரி 17

இந்த வாரப் பனிக்குப் பிறகு வேலிகள் முழுதாக மறைந்துவிட்டன, இனி எங்கும் ஓடலாம் என்று எழுதியவர், இரண்டு பதிவுக்கு மேலே உள்ள என் தொடையைப் பற்றி மீண்டும் வாசிக்கட்டும்.

பனிக்கப்பால் இரண்டு காரியங்கள். வீதியோரத்தில் பனி தள்ளும் உழுபொறி குவித்த பனிமேடு இப்போது ஆள் உயரம். அதன்மேல் ஏறி இழுபட்டால் மறுபக்கம் நேராக வீதி. இரண்டாவது, வயலின் ஓரமாக நட்ட சிறு குச்சிகளும் அம்புக்குறிகளும் ஸ்னோமொபைல் பாதையைக் காட்டுகின்றன. கமக்காரர் அந்தப் பாதைக்கு அனுமதி கொடுத்தது ஸ்னோமொபைல் சங்கத்துக்கு. அது நமக்கான அனுமதி ஆகாது. அதைவிட முக்கியம், கீழே இறக்கிய பட்டத்தின் நூல்கள் அந்தப் பாதையின் குறுக்கே கிடந்தாலோ தாழ்வாக இழுபட்டாலோ, வேகமாக வரும் ஓட்டுநருக்கு அவை தெரியவே தெரியாது. கழுத்து உயரத்தில் நிற்கும் மெல்லிய நூல் என்ன செய்யும் என்பதை எழுத வேண்டியதில்லை. பாதையிலிருந்து இரண்டு நூல் நீளமாவது விலகி நிற்கிறேன்.

மேகமூட்டமான நாளில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது என்பதையும் நேற்று மறுபடி உணர்ந்தேன். நான் நடந்து பார்த்த, விதைப்பையில் குறித்துவைத்த வயலிலேயே ஈர மூலையைத் தவறவிட்டு அதற்குள் இறங்கினேன். ஆழமில்லை, காயமுமில்லை. இப்போது அந்த மூன்று பெருக்கல் குறிகளிலும் செம்மஞ்சள் கொடி நட்ட மூங்கில் தடிகள் நிற்கின்றன. காணிக்காரரிடம் கேட்டுத்தான் நட்டேன்.

2025 பெப்ரவரி 23

நோர்வேயில் பேர்கனிலிருந்து எழுதிய வாசகர் சிரிக்கிறார்: ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் மரமே இல்லை, வேலியும் இல்லை, இவ்வளவு கணக்கு எதற்கு என்று. பொறாமையாகத்தான் இருக்கிறது. அங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும் காலத்தில், ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரையான நாட்கள் நீங்கலாக, பயிர்நிலத்தின் ஊடாகவும் எவரும் கால்நடையாகப் போகலாம். இங்கே நான் 100 டொலர் உறையோடு களஞ்சிய வாசலில் நின்றேன். ஆனால் அங்கே ஹவுகஸ்டோல் என்ற இடத்தில் இறங்குபவருக்கும் அருகில் ரயில் பாதையும் அதன் மின்கம்பியும் உண்டு. உள்ளே போனால் கலங்கவைக்கக் கூடாத காட்டுத் துருவமான்கள் உண்டு. மரமில்லாத அதே வெளியில் மூடுபனி வந்தால் திசை காட்டவும் ஒன்றுமில்லை. என் வயலில் வழி தவறினால் ஏதாவது ஒரு வீதியில் முட்டுவேன். அங்கே?

ஏரிக்கே திரும்பிவிடலாமா என்று முதற் கேள்விக்காரர் மீண்டும் கேட்கிறார். காற்றைப் பொறுத்தவரை ஏரி எந்த வயலையும் வெல்லும், அதில் ஐயமில்லை. பனிக்கட்டியின் தடிப்பு, ஒருவர் தனியே நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாக நிற்க 20 என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அதுவும் தெளிந்த நீலக்கட்டிக்கு. வெள்ளைக் கட்டியின் வலிமை ஏறத்தாழ பாதி. ஹொலண்ட் ஆறு சிம்கோ ஏரியின் குக் குடாவில் சேரும் வாயருகே அந்த எண்களையும் நம்பாதீர்கள். ஏரிக்கும் நடந்து, துளையிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். வீட்டிலிருந்தே தெரிவு செய்யக்கூடிய இடம் என்று ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

2025 மார்ச் 9

பருவம் முடிந்தது. பகலில் மேல்மண் இளகுகிறது. இனி ஓடினால் ஸ்கீயின் தடம் நிலத்தில் நிற்கும், அடுத்த வருட அனுமதியும் அதோடு போகும். கொடித்தடிகளைப் பிடுங்கிக்கொண்டு, காணிக்காரருக்கு ஒரு பெட்டி பலகாரத்தோடு போனேன். அது கட்டணம் ஆகாது என்று நம்புகிறேன். முறுக்கைக் கடித்துப் பார்த்து, மாட்டுக்கா எனக்கா என்று கேட்டார். இரண்டாவதை எடுத்தபோதுதான் பகிடி என்று புரிந்தது.

மே மாதம் அந்த மேற்குக் காணியில் சோளம் விதைக்கப்போகிறாராம். பயிர்ச்சுழற்சியில் சோயாவுக்குப் பின் அதன் முறை. அதாவது அடுத்த மாரியில் நான் நடந்து, குறித்து, கொடி நட்டுப் பழகிய வயல் முழுதும் ஈட்டி நிற்கும். கிழக்குக் காணியில் இப்போது பனிக்குக் கீழே இருக்கும் கோதுமை ஜூலையில் அறுவடையாகும். அங்கே ஓடிக்கொள்ளலாம் என்றார். அதன் மேற்கு ஓரத்தில் வீதிக் கம்பங்கள், கிழக்கில் அந்தப் பழைய முட்கம்பி, அதற்கப்பால் இரண்டு குதிரைகள். வடமேல் காற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று இரவு முழுவதும் தாளில் கீறிப் பார்த்தேன். கம்பத்தின் சரியான இடம் தெரியாமல் கணக்கு முடியவில்லை. கோதுமை அறுத்த வாரமே நடந்து அளக்கப் போகிறேன். அறுந்து சுருண்டு கிடக்கும் அந்த இழையை வெட்டி எடுக்கலாமா என்று கேட்டேன். குறடு களஞ்சியத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.